ஜட்ஜம்மாவின் அக்கா

போட்டோ இது ஒண்ணுதான் நல்லா இருக்கு. இதையே எடுத்துக்கோங்க. பாத்தா சிரிக்கிற மாதிரி தெரியும். சிரிப்பு இல்ல, வெயில் கண்ணுல அடிச்சிருக்கு. எங்க வீட்டுக்காரங்க போட்டோவுக்கெல்லாம் சிரிக்க மாட்டாங்க.

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க. பொம்பள வக்கீல் ஒருத்தங்க வர்றாங்கன்னதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஆம்பளைங்க வந்தா, "சரிம்மா, சரிம்மா"ன்னு தலைய ஆட்டிட்டு வாட்ச்சப் பாப்பாங்க.

கோர்ட்டோட நூத்தம்பது வருஷத்துக்கு மலர் போடுறோம்னு போன்ல சொன்னப்பவே நெனச்சேன், அவங்க இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்கன்னு. எத்தனையோ ஊர்ல இருந்திருக்கோம். முன்சீஃபா, சப் ஜட்ஜா, கடைசியா ஜில்லா ஜட்ஜா. வேற எந்தக் கோர்ட்டப் பத்தியும் வீட்டுல வந்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க. இந்த வெள்ளாற்றூர்க் கோர்ட்டப் பத்தி மட்டும் பேசுவாங்க. வெள்ளக்காரன் காலத்துல கூர ஒழுகுதுன்னு ஒரு தொர வாசல்ல நிக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில மேசையப் போட்டு விசாரிச்சானாம். சாட்சிக்காரன் தலையில காக்கா எச்சம் போட்டுச்சாம். "இதையும் எழுதிக்கோ"ன்னானாம் கிளார்க்கிட்ட. அப்புறம் ராகவாச்சாரின்னு ஒரு ஜட்ஜ். அந்த ஊர்ல இருந்த வரைக்கும் யார் வீட்டுலயும் கை நனைச்சதில்லையாம். ஆசாரத்துக்காக இல்ல, உத்தியோகத்துக்காக. எங்களுக்கு முந்தி இருந்தவர் பங்களா பின்னாடி கோழி வளத்தவரு. நாங்க போன பெறகும் ரெண்டு கோழி தினமும் வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னுட்டுப் போகும். பாவம், அதுங்களுக்கு மாத்தல் தெரியாது.

இதெல்லாம் மலர்ல வராதுல்ல? நாலு வரிதான்னு சொன்னீங்க. நாலு வரின்னா, "நேர்மையானவர்"னு முதல் வரி எழுதுங்க. மத்த மூணு வரி உங்க இஷ்டம்.

ஆனா ஒண்ணு சொல்றேன். ஜட்ஜோட நேர்மை பாதிதான். மீதிய வீட்டுல இருக்கிறவ காப்பாத்தணும். அது எந்த மலர்லயும் வராது.

அவங்க மொதமொதல்ல முன்சீஃபா போனப்ப எனக்கு இருவத்திரண்டு வயசு. அங்க இருந்த பெரிய ஜட்ஜோட சம்சாரம் என்னக் கூப்பிட்டு, பக்கத்துல உக்கார வச்சு சொன்னாங்க: "இங்க பாரு கோமதி, டாக்டர் வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்தா மருந்தோட போயிடுவாங்க. ஜட்ஜ் வீட்டுக்கு வந்தா ஜட்ஜோட பேரையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. இன்னைலேர்ந்து உனக்கு சொந்தக்காரங்க கெடையாது." நான் அதப் பிடிச்சுக்கிட்டேன். எங்க தாய்மாமா மகனுக்கு பியூன் வேலைன்னு வந்து நின்னாரு, காப்பி குடுத்து அனுப்பிட்டேன். மறுபடி வந்தாரு, காப்பியும் குடுக்கல. ஒரு கூடை மாம்பழத்தோட ஒருத்தர் வந்தாரு, அவங்க கூடப் படிச்சவராம். அவங்க ரெண்டு பழத்த எடுத்துக்கிட்டு மீதியத் திருப்பிக் குடுங்கன்னாங்க. நான் அந்த ரெண்டையும் கூடையில போட்டு அனுப்பினேன். "ஐயா நேர்கோடு, அம்மா அதவிட நேர்கோடு"ன்னு டவாலிப் பியூனுங்க பேசிப்பாங்க. என் காதுபடவே பேசுவாங்க.

அக்கா மக கல்யாணத்துக்குக்கூட நாங்க போகல. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு ஏதோ வரப்புத் தகராறு கோர்ட்டுல இருந்துச்சு. எந்தக் கோர்ட்டுன்னுகூட எனக்குத் தெரியாது. எதுக்கு வம்பு? அவங்க, "போயிட்டு வா கோமு, நான் வரல, நீ போ"ன்னுதான் சொன்னாங்க. நான் போகல. அவங்களவிட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி. பயம்னு சொல்லக்கூடாது, பொறுப்பு.

காப்பி ஆறுது, குடிங்க. சக்கர கம்மியா?

அந்த அக்காவாலதான் எல்லாம் போச்சு. அதச் சொல்லத்தான் உங்கள உக்கார வச்சிருக்கேன். எழுதணும்னு இல்ல. எழுதினாலும் சரி.

எனக்கு அக்கா ஒருத்திதான். உலகம்மான்னு பேரு. மூணு வயசு மூத்தவ. அவள எங்க ஊருக்குப் பக்கத்துலயே கட்டிக் குடுத்துட்டாங்க. அத்தானுக்கு அரிசி ஆலையில வேலை. சங்கரன்னு பேரு, எங்க பக்கம் தெருவுக்கு நாலு சங்கரன் இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன். பையன வீட்டுல துரைன்னு கூப்பிடுவாங்க. பால்குடி மறந்த வயசுல பாத்தது. அப்புறம் நான் பாக்கல.

வெள்ளாற்றூருக்கு நாங்க வந்தப்ப அவங்க பேரு ஹைகோர்ட்டு ஜட்ஜுக்குப் பரிசீலனையில இருக்குன்னு பேச்சு. சும்மா பேச்சு இல்ல. மெட்ராஸ்லேர்ந்து வந்த ரெஜிஸ்ட்ராரே அவங்க கையப் பிடிச்சு, "சீக்கிரம் அங்க பாப்போம்"னு சொல்லிட்டுப் போனாரு. அவங்க வெளிய காட்டிக்கல. ஆனா சாயங்காலம் தோட்டத்துல நடக்குறப்ப பாட்டு முணுமுணுப்பாங்க. அவங்களுக்குப் பாட வராது. அந்த வருஷம் பூரா முணுமுணுத்தாங்க.

அப்பத்தான் ஒரு நாள் அக்கா வந்து நிக்கிறா.

அவங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. டவாலி மாணிக்கம் உள்ள வந்து, "அம்மா, உங்க அக்கான்னு ஒருத்தங்க கேட்டுல நிக்கிறாங்க"ன்னான். எட்டிப் பாத்தேன். அவதான். மஞ்சப் பை ஒண்ணு கையில. கேட்டுக்கு வெளிய எப்பவும் நாலஞ்சு பேரு மனுவும் கையுமா நிப்பாங்க, அவங்களோட ஒருத்தியா நிக்கிறா. இத்தனை வருஷம் கழிச்சு, ஒரு கடுதாசி இல்ல, ஒரு தகவல் இல்ல, இவ்வளவு தூரம் பஸ் ஏறி எதுக்கு வருவா? ஏதோ காரியம். நீங்களே சொல்லுங்க, காரியம் இல்லாம வருவாளா?

"அம்மா பூஜையில இருக்காங்கன்னு சொல்லு"ன்னேன்.

போயிட்டுத் திரும்பி வந்தான். "இருந்து பாத்துட்டுப் போறேங்கிறாங்கம்மா."

"பூஜை முடிய நேரமாகும்னு சொல்லு."

மறுபடி வந்தான். அவன் மூஞ்சியே சரியில்ல. "ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுறேங்கிறாங்க. உங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க."

எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க? எங்க தாய்மாமாவும் எங்க நல்லதுக்குத்தான் வந்தாரு. "என்ன வார்த்தன்னு உங்கிட்ட சொல்லிட்டுப் போகச் சொல்லு"ன்னேன். அவன் போய்க் கேட்டான். அவ சுத்தி நின்னவங்களப் பாத்தா. என்னத்துக்குப் பாத்தான்னு எனக்கு அப்பத் தெரியல. தலைய ஆட்டிட்டு நின்னா.

ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். வெயில்னா அப்படி ஒரு வெயில். முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா. நான் உண்மையாவே பூஜை ரூமுக்குப் போயி உக்காந்துட்டேன், பொய் சொன்னதா ஆகக்கூடாதுன்னு. வந்து பாத்தப்ப அவ இல்ல. மாணிக்கம்தான், "எதுத்த டீக்கடையில தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாங்கம்மா"ன்னான். நான் கேக்கவே இல்ல, அவனாச் சொன்னான்.

அவங்க வந்ததும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? சொன்னா, "கூப்பிட்டிருக்கலாமே"ம்பாங்க. அவங்க மனசு இளகின மனசு. அதனாலதான் நான் இரும்பா இருந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு கொலைக் கேசு விசாரணைக்கு வந்துச்சு. முந்திரிக் கிடங்கு ஒண்ணுல கூலிக்காரங்களுக்குள்ள சண்டை, ஒருத்தன் கம்பியடி பட்டு செத்துப்போயிட்டான். அஞ்சு பேரு மேல கேசு. அஞ்சு பேருக்கும் முன்னாடியே ஜாமீன் குடுத்தது அவங்கதான். வழக்கமாக் குடுக்கிறதுதான், நீங்க வக்கீல், உங்களுக்குத் தெரியாததா? சாட்சி விசாரணை ஆரம்பிச்சு நடந்துக்கிட்டு இருக்கு. பாதி சாட்சி ஆயிடுச்சு. திடீர்னு செத்தவனோட அண்ணன் ஹைகோர்ட்டுல ஒரு மனு போட்டுட்டான். இந்த ஜட்ஜ் கேச விசாரிக்கக்கூடாது, குத்தம் சாட்டின அஞ்சு பேருல மூணாவது எதிரி ஜட்ஜுக்குச் சொந்தக்காரன், சொந்தக்காரன்னுதான் ஜாமீனே குடுத்தாருன்னு.

இத எனக்கு வந்து சொன்னது பெஞ்ச் கிளார்க் தாணுமூர்த்தி. அந்த மனுஷன் சொல்றப்ப அழுதுட்டாரு. அன்னைக்குக் கோர்ட்டு நெறைய ஆளாம். செத்தவனோட அண்ணன் தரப்பு வக்கீல் எந்திரிச்சு மனுவோட நகல நீட்டினாராம். அவங்க வாங்கிப் படிச்சாங்களாம். ரெண்டு தடவ படிச்சாங்களாம். அப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டு, கூண்டுல நிக்கிறவங்கள ஒவ்வொருத்தனாப் பாத்தாங்களாம்.

"மூணாவது எதிரி யாரு?"

தாடியும் மீசையுமா ஒருத்தன் கைய உசத்தினானாம். காகிதத்துல காந்திமதிநாதன்னு பேரு. விலாசமும் எங்க ஊரு இல்ல, அவன் கிடங்குல தங்கியிருந்த விலாசம். எப்படித் தெரியும்?

"உங்க அம்மா பேரு என்ன?"

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டானாம். "உலகம்மாள்"னானாம்.

அவங்க வேற ஒண்ணும் கேக்கல. எந்திரிச்சு நின்னு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு எறங்கிட்டாங்க. கோட்டக்கூடக் கழட்டாம கார்ல ஏறி வீட்டுக்கு வந்துட்டாங்க.

நான் எலை போட்டேன். உக்காந்தாங்க. சோத்தத் தொடல.

"கோமு, உங்க அக்கா பையன் பேரு என்ன?"

"துரை."

"பள்ளிக்கூடத்துப் பேரு?"

எனக்குத் தெரியலைங்க. நெஜமாத் தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.

"உங்க அக்கா கடைசியா எப்போ பேசினா?"

அப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சு, பாருங்க. மத்தவங்களா இருந்தா மறைச்சிருப்பாங்க. நான் நேரா சொன்னேன்: "பேசல. மாசி மாசம் இங்க வந்தா. கேட்டுலயே நிறுத்தி அனுப்பிட்டேன். உள்ளயே விடல."

"மாசியிலயா? விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முந்தியா?"

"ஆமா. ஏதோ ஒரு வார்த்த சொல்லணும்னு நின்னா. நான் கேக்கல."

அவங்க என்னப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. திட்டப்போறாங்கன்னு நெனச்சேன், பாராட்டப்போறாங்கன்னும் நெனச்சேன். ரெண்டும் இல்ல. எலைய மூடிட்டு எந்திரிச்சாங்க. கை கழுவறப்ப, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, கைய எடுக்கவே இல்ல. "உள்ள விட்டிருக்கலாம், கோமு"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல அன்னைக்கும் சொல்லல, என்னைக்கும் சொல்லல.

ஹைகோர்ட்டு கேச வேற ஜில்லாவுக்கு மாத்திடுச்சு. இவங்க மேல தப்பு இருக்குன்னு ஒரு வரி எழுதல. இல்லைன்னும் ஒரு வரி எழுதல. பரிசீலனையில இருந்த பேரு அப்படியே நின்னுபோச்சு. அவங்கள வடக்க ஒரு லேபர் கோர்ட்டுக்கு மாத்திட்டாங்க. கிளம்புற அன்னைக்குப் பார் அசோசியேஷன்ல பிரிவு உபசாரம்னு கூப்பிட்டாங்க, வந்தது ரொம்பக் கொஞ்சம் பேரு. மாலைய வாங்கி மேசை மேல வச்சுட்டு, "இந்தக் கோர்ட்டு என்னவிட வயசுல மூத்தது, என்னவிட நெறையப் பாத்திருக்கும்"னு ரெண்டு வரி பேசிட்டு வந்துட்டாங்க. இத வேணா மலர்ல போடுங்க.

முணுமுணுக்கிறத விட்டுட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, யார் தப்பு? ஒரு பையன ஒழுங்கா வளக்கத் தெரியல. அவன் எங்கயோ போயி அடிதடியில மாட்டுறான். அதுவும் எந்த ஜில்லாவுல, எங்க ஜில்லாவுல. நான் என் பக்கத்து சொந்தம் ஒருத்தரையும் அண்டவிடாம கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்ட அந்தப் பேர இவ மகன் வந்து கெடுத்தான். நான் பேசுவேனா அவகிட்ட? பேசல.

அவனுக்கு அந்த ஜில்லாவுல தண்டனை ஆச்சு. அப்புறம் அப்பீல்ல விட்டுட்டாங்க. அவன் கம்பியவே தொடலைன்னு தீர்ப்புல எழுதியிருந்துச்சாம். அதுக்குள்ள பாதி வயசு உள்ளயே போயிடுச்சு. அத்தான் அந்தக் கவலையிலயே போயிட்டாரு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

ரிட்டயர் ஆனதும் அவங்க ஒரு காரியம் செஞ்சாங்க. சட்டையப் போட்டுக்கிட்டு, "உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன், வர்றியா?"ன்னாங்க. அவங்களாவே பஸ் ஏறிப் போனாங்க. ஜில்லா ஜட்ஜா இருந்தவங்க, டவுன் பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போயிருக்காங்க. அதுக்கப்புறம் அடிக்கடி போவாங்க. ஒவ்வொரு தடவையும், "வர்றியா?" ஒவ்வொரு தடவையும் நான் பூஜை ரூமுக்குள்ள போயிடுவேன். அங்க போயி சாப்பிட்டுட்டு வருவாங்க. என்ன இருக்கும் அங்க? புளிக்கறியும் அப்பளமும். வந்து, "உங்க அக்கா கையில நல்ல ருசி"ம்பாங்க. "உன்னக் கேட்டா"ம்பாங்க. இத்தனை வருஷம் நான் ஆக்கிப் போட்டேன், ருசின்னு ஒரு நாள் சொன்னதில்ல.

அவங்க காலமானப்ப அக்கா வந்தா. நான் கூடத்துல உக்காந்திருந்தேன். அவ வந்து எம் பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சா. நான் கைய எடுத்துக்கிட்டேன். எனக்கு அன்னைக்கு எது அவ கை, எது என் கைன்னே தெரியல. அத அவ தப்பா எடுத்துக்கிட்டாளோ என்னமோ, எடுத்து முடிஞ்சதும் கிளம்பிட்டா.

பையன் மட்டும் நின்னான். துரை. தலை நரைச்சுப்போச்சு அவனுக்கு. பதினாறாம் நாள் வரைக்கும் இருந்து பந்தல், பாத்திரம் எல்லாம் அவன்தான் பாத்தான். எனக்குப் பிள்ள இல்ல, உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. போற அன்னைக்குச் சொன்னான்.

"சித்தி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக்கூடாது. அன்னைக்கு அம்மா என்ன விடுதலை பண்ணுங்கன்னு கேக்க வரல. ஜட்ஜு பேரு ஆறுமுகநயினார்னு நான் ஜாமீன்ல வந்து சொன்னதும் அம்மா பதறிட்டாங்க. ‘அய்யோ, இது உங்க சித்தப்பாலே, அவரு உன்ன விசாரிச்சா ஊரு என்ன பேசும், அவரு பேரு என்னத்துக்கு ஆகும்’னு அன்னைக்கே பஸ் ஏறினாங்க. கேசு வேற கோர்ட்டுக்குப் போகட்டும், சித்தப்பா ஒதுங்கிக்கட்டும்னு சொல்லத்தான் வந்தாங்க."

"அத மாணிக்கத்துக்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வாசல்ல அத்தனை பேரு நின்னாங்களாம். அவங்க காதுல விழுந்தா அதுவே சித்தப்பாவுக்குக் கெடுதல்னு வாய மூடிக்கிட்டாங்க."

"இத ஏன்டா இத்தனை வருஷமா யாரும் எங்கிட்ட சொல்லல?"

அவன் தரையப் பாத்தான். "சித்தப்பாவுக்குத் தெரியும். மொதத் தடவ வீட்டுக்கு வந்தப்பவே அம்மா சொல்லிட்டாங்க. அவருதான் சொன்னாரு, ‘கோமதிக்கு இது தெரிய வேண்டாம், தாங்க மாட்டா’ன்னு."

பாத்தீங்களா? எல்லாரும் சேந்துக்கிட்டு எங்கிட்ட மறைச்சிருக்காங்க. எனக்காகவாம். அவங்க அங்க உக்காந்து புளிக்கறி சாப்பிட்டுக்கிட்டு, இவ பரிமாறிக்கிட்டு, ரெண்டு பேரும் எனக்குத் தெரியக்கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. நான் இங்க பூஜை ரூம்ல.

போகணும்னுதான் இருந்தேன். அதுக்கப்புறம் அக்காவப் பாக்கப் போகணும்னுதான் இருந்தேன். முட்டி வலி. அப்புறம் ஆடி வந்துச்சு, ஆடியில எதுக்குன்னு விட்டேன். அப்புறம் மழை. ஐப்பசியில துரை போன் பண்ணினான். "சித்தி, அம்மா போயிட்டாங்க." நல்லா இருந்தவதானாம், வாசல் தெளிச்சுட்டு வந்து படுத்தவ எந்திரிக்கலயாம். கார் அனுப்புறேன்னான். நான் வரலைன்னுட்டேன். போயி என்ன செய்ய? போயி அவ முன்னாடி என்னன்னு நிக்க?

இதெல்லாம் நீ எழுதிக்காத. நீன்னு சொல்லிட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நேர்மையானவர்னு எழுதுங்க, அது போதும்.

நான் என்ன கேக்குறேன்னா, அவ கத்தியிருக்கலாமா இல்லையா? கேட்டுல நின்னுக்கிட்டு, "ஏ கோமு!"ன்னு ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தம் கேட்டிருந்தா நான் ஓடி வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன். ஊர் கேட்டாக் கேட்டுட்டுப் போகுது. கத்த வேண்டியதுதானே?

கத்த மாட்டா. அவளுக்கு அது வராது. சின்ன வயசுலேர்ந்தே வராது. எங்கப்பா பெரம்ப எடுத்தா, நான் வெளாசலுக்கு முந்தியே ஊரக் கூட்டுவேன். அவ பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பா, அடி விழ விழ நிப்பா. அவளுக்கும் சேத்து நான்தான் கத்துவேன்.